டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்: மருத்துவமும் மறுமலர்ச்சியும்

புதுக்கோட்டைச் சீமையின் வரலாறு என்றவுடன் தொண்டைமான் மன்னர்களின் வரிசையும், குடுமியான்மலை இசைக் கல்வெட்டும், சித்தன்னவாசல் ஓவியமுமே பலர்க்கும் நினைவுக்கு வரும். அவை யாவும் போற்றத் தக்கனவே. ஆயினும், நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரைக் கையிலெடுக்கும் இளைஞர்களுக்கு வேறொரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். இம்மண்ணிலே பிறந்து, பிறப்பின் பெயரால் இழிவு சுமத்தப்பட்டு, கல்வி ஒன்றையே கைக்கோலாகக் கொண்டு அறுவை மருத்துவக் கூடத்துக்குள்ளும் சட்டமன்றத்துக்குள்ளும் நுழைந்த ஒரு பெண்மணியின் வரலாறு அது. அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் நம் சமூகத்தில் பிறந்தவர் அல்லர். இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. புகழ்பெற்றோர் அனைவரையும் நம்மவர் என்று உரிமை கொண்டாடும் பழக்கம் மலர்க் கட்டுரைகளில் பெருகிவிட்டது. அதில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பிறப்பைக் காட்டி ஒருவரை வாயிலிலேயே நிறுத்தும் கொடுமையை அவரும் அறிந்திருந்தார். அந்த வகையில் அவர் வாழ்க்கை நமக்கு அயலானது அன்று.

1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், அந்நாளில் தேவதாசி என்று அழைக்கப்பட்ட குலத்தில் தோன்றியவர். இம்மணத்தின் பொருட்டு ஐயரை அவருடைய உறவினர் விலக்கி வைத்தனர். தந்தை வழியார் ஏற்க மறுத்த குழந்தை. தாய் வழியோ ஊரார் ஏளனத்துக்கு உரியதாக ஆக்கப்பட்டிருந்தது. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அக்காலத்தில் நம் பாட்டன்மார் கோயில் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சந்திரம்மாள் குலத்துப் பெண்களோ கோயிலுக்கு உள்ளே அழைக்கப்பட்டனர்; இறைவனுக்கே உரியவர் என்று பொட்டுக் கட்டப்பட்டனர்; பின்னர் செல்வர்களின் இச்சைக்கு உரியவராக ஆக்கப்பட்டனர். வெளியே நிறுத்தியும் இழிவு, உள்ளே அழைத்தும் இழிவு. நம் நாட்டுச் சாதி முறையின் சாமர்த்தியத்தை இதனினும் தெளிவாக விளக்கும் சான்று வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

சிறுமி முத்துலட்சுமி பள்ளியில் நன்கு பயின்றார். பருவமெய்தியதும் அக்கால வழக்கப்படி பள்ளிப் படிப்பு நின்றது. ஆனால் தந்தையார் கல்வியை நிறுத்தவில்லை. வீட்டையே பள்ளியாக்கிப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அம்மையார் தனித் தேர்வராக எழுதி மெட்ரிகுலேஷனில் தேறினார். முப்பதாண்டுக் காலம் அரசுப் பள்ளிகளில் பணியாற்றிய அனுபவத்தில் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். எட்டாம் வகுப்பில் முதலிடத்தில் இருந்த பெண் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இல்லாது போவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வீடு தேடிச் சென்று கேட்டால், சடங்கு முடிந்துவிட்டது ஐயா என்பதே விடையாக இருக்கும். நூறாண்டுகளுக்கு முன் நாராயணசாமி ஐயர் கொடுக்காத விடை அது.

அடுத்து வந்தது கல்லூரி. மகாராஜா கல்லூரியில் அதுவரை ஆண்களே பயின்று வந்தனர். முத்துலட்சுமியின் விண்ணப்பம் சென்றபோது எதிர்ப்புக் கிளம்பியது. பெண் ஒருத்தி வந்தால் பிள்ளைகளின் மனம் கெடும் என்றனர். இத்தகைய பிறப்பினளோடு எங்கள் பிள்ளைகள் அமர மாட்டார்கள், அவர்களைக் கல்லூரியினின்று நிறுத்தி விடுவோம் என்று அச்சுறுத்தியோரும் இருந்தனர். அப்போது அரியணையில் இருந்தவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவர் எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது சேர்க்கைக்கு அனுமதி வழங்கினார். உதவித் தொகையும் அளித்தார். அக்கல்லூரியில் அடியெடுத்து வைத்த முதல் மாணவி என்னும் பெருமை அவ்வாறு அம்மையார்க்கு உரியதாயிற்று. இன்று மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி என்ற பெயரில் இயங்கும் அதே கல்லூரியில் நம் பிள்ளைகள் பலர் பயின்று பட்டம் பெற்றுள்ளனர். மன்னரின் கருணையைப் பாராட்டுவோம். ஆனால் ஒரு மாணவியின் கல்வி ஒரு மன்னரின் கருணையைச் சார்ந்திருந்தது என்பதையும் மறவாதிருப்போம். வேறு மனம் படைத்தவர் அரியணையில் இருந்திருப்பின் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது.

1907-ஆம் ஆண்டு அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதுக்கோட்டைக்கு இரயில் பாதை வராத காலம் அது. வண்டியில் திருச்சிராப்பள்ளி சென்று, அங்கிருந்து சென்னைக்கு இரயிலேற வேண்டும். 1835-இல் தோன்றிய அம்மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்ந்த பெண் முத்துலட்சுமி என்று மேடைகளில் பேசுவோர் உளர். அது பிழை. 1875-ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியும் வேறு மூவரும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தனர். இந்தியப் பெண்கள் மருத்துவப் பட்டம் பெறுவதும் வங்கத்தில் 1880-களிலேயே தொடங்கிவிட்டது. காதம்பினி கங்குலி அவர்களுள் ஒருவர். உண்மைப் பெருமை இருக்கும்போது பொய்ப் பெருமை எதற்கு?

அந்த உண்மைப் பெருமை யாது? ஐந்தாண்டுகள் பயின்று, பதக்கங்களும் பரிசுகளும் பெற்று, 1912-ஆம் ஆண்டில் அம்மையார் எம்.பி., சி.எம். பட்டம் பெற்றார். இதில் எம்.பி. என்பது மருத்துவத்தையும், சி.எம். என்பது அறுவை மருத்துவத்தையும் குறிக்கும். அதன் பின் சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கண் மருத்துவமனையிலும் முதற் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்றார். ஹவுஸ் சர்ஜன் என்பவர் மருத்துவமனையிலேயே தங்கி, இரவு பகலாக நோயாளிகளைக் கவனித்து, மூத்த அறுவை மருத்துவரின் கீழ்ப் பயிலும் இளைய மருத்துவர்.

அப்பணியின் அருமையை உணர, அக்காலப் பேறுகாலம் எவ்வாறு இருந்தது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1847-இல் வியன்னா நகரத்து மருத்துவர் செம்மல்வெய்ஸ், பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சலில் மடிவதற்கு மருத்துவர்களின் கழுவாத கைகளே காரணம் என்று கண்டறிந்தார். அவர் சொல்லை அன்று பலர் ஏற்கவில்லை. 1867-இல் லிஸ்டர் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலம் கொண்டு புண்ணையும் கருவிகளையும் தூய்மை செய்யும் முறையை வெளியிட்டார். அதற்குப் பின்னரே வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் அறுவையில் தாய் பிழைக்கும் நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் நம் நாட்டில் அந்த அறிவு மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே நின்றது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணிய பெண்கள் வீட்டின் இருட்டறையிலேயே மாண்டனர். பெண் ஒருவர் கத்தியெடுக்கக் கற்றால்தான் அந்த இருட்டறைக்குள் புதிய மருத்துவம் நுழைய முடியும் என்ற நிலையில் முத்துலட்சுமி அம்மையார் அங்கே வந்து நின்றார்.

நோய்க் கிருமிக்குச் சாதி வேற்றுமை தெரியாது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில், நம் மக்கள் நீருண்ணும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்து கிடந்ததை நாடே கண்டது. குழந்தைகள் நோயுற்ற பின்பே அது வெளிப்பட்டது. பொதுச் சுகாதாரம் என்பதைச் சாக்கடையும் தடுப்பூசியும் மட்டுமே என்று எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

1914-இல் அம்மையார் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அவரும் அறுவை மருத்துவத்தில் உயர் பட்டம் பெற்றவர். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அம்மையார் மணத்துக்கு இசைந்தார். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிகழ்ந்த மணம் அது. சாதி கடந்த மணத்துக்கு இன்றும் அரிவாள் தூக்கும் ஊர்கள் உள்ள நாட்டில் இதனை வெறும் குடும்பச் செய்தி என்று தள்ளிவிட இயலாது.

1925-இல் பெண்கள், குழந்தைகளின் நோய்கள் குறித்து மேற்பயிற்சி பெற அரசின் உதவித் தொகையுடன் இங்கிலாந்து சென்றார். 1926-இல் பாரிசில் கூடிய அனைத்துலக மாதர் மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்து கொண்டார். திரும்பி வந்ததும், 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையால் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1927-இல் அவ்வவையின் துணைத் தலைவராக ஒரு மனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டமன்றம் ஒன்றில் பெண் அத்தகைய பதவி வகித்தது உலகிலேயே அதுதான் முதன்முறை என்பர். நம் பெரியார்களான எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதே அவையில் நம் மக்களுக்காக வாதாடியவர்கள். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-இல் சீனிவாசனார் அங்கே கொணர்ந்தார். நியமனம் என்ற குறுகிய வாயில் வழியே உள்ளே சென்றவர்கள் அவ்வாயிலை எவ்வளவு அகலப்படுத்தினர் என்பது வியப்புக்குரியது.

அம்மையார் அவையில் செய்த பணிகள் பல. பள்ளி மாணவியர்க்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்குக் கல்வி உதவித் தொகை, இசுலாமிய மாணவியர்க்கு விடுதி ஆகியவற்றுக்காக அவர் குரல் கொடுத்தார். சைமன் குழுவின் துணைக் குழுவாக இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராகி நாடெங்கும் சுற்றிப் பள்ளிகளைக் கண்டார். இவற்றுள் எல்லாம் தலையாயது பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்த போராட்டம்.

இப்போராட்டத்தின் உட்பொருளை விளங்கிக் கொள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். கோயில் பணி செய்யும் குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. தலைமுறைதோறும் ஒரு பெண்ணாவது கோயிலுக்கு நேர்ந்து விடப்பட்டால்தான் நிலம் குடும்பத்தில் நிலைக்கும். பெண்ணை விடுவித்தால் சோறு போய்விடும். பக்தி என்று பேசப்பட்டதன் அடியில் இந்தக் கயிறே இருந்தது. நம்மவர்க்கு இது புதுமையன்று. வெட்டியான் மானியம், தோட்டி மானியம் என்று நிலத்தைக் காட்டி, பிணம் சுடுவதையும் பறையறைவதையும் பரம்பரைக் கடமையாக்கிய அதே முறைதான். அம்மையார் மருத்துவர் அல்லவா? நோயின் வேர் எங்கே என்று பார்த்தார். 1927-இல் தீர்மானம் நிறைவேறியது. 1929-இல் வந்த சட்டத் திருத்தம், கோயில் பணியிலிருந்து அப்பெண்களை விடுவித்து, நிலம் அவர்களிடமே இருக்க வழி செய்தது. முதலில் கயிற்றை அறுத்தார்; பிறகே வழக்கத்தைத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டு வந்தார். நாம் அறிந்த சீர்திருத்தங்களுள் இவ்வளவு தெளிவான வரிசையில் நடந்தவை குறைவு.

எதிர்ப்பு வைதிகரிடமிருந்து மட்டும் வரவில்லை. காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். அக்குலத்துப் பெண்களே சங்கம் கூடி, தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர்; அவர்களுள் இசையரசி பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். மறுபுறத்தில், அதே குலத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று அவ்வழக்கத்தை எதிர்த்துப் பேசினார். பெரியாரின் சுயமரியாதை இயக்கமும் துணை நின்றது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர், அப்பெண்கள் வளர்த்த நடனக் கலை மேட்டுக் குடியினர் கைக்குச் சென்றது, கலை வல்ல பெண்கள் பிழைப்பின்றி நின்றனர் என்று குறை கூறியுள்ளனர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. விடுதலை பெற்றவர்க்கு மாற்று வாழ்வும் வேண்டும் என்பதை நம் சமூகத்தை விட அறிந்தவர் யார்? எனினும், பத்து வயதுச் சிறுமியின் கழுத்தில் பொட்டுக் கட்டுவதைக் கலையின் பெயரால் தொடர விடலாம் என்ற வாதத்தை நம்மால் ஏற்க இயலவில்லை.

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் துறந்தார். மசோதா சட்டமாக மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அது நிறைவேறியது. நம்மைக் கோயிலுக்குள் அனுமதிக்கும் ஆலயப் பிரவேசச் சட்டமும் அதே மாகாணத்தில் அதே ஆண்டில் நிறைவேறியதே. ஒரு வாயில் நமக்குத் திறந்தது. இன்னொரு வாயிலில் சிறைப்பட்ட பெண்கள் வெளியே வந்தனர். நம் புதுக்கோட்டையோ அப்போதும் தனிச் சமஸ்தானம். 1948 மார்ச் 3-ஆம் நாள்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது.

சட்டம் வருமுன்பே சட்டத்தின் விளைவு அம்மையாரின் வாயிலில் வந்து நின்றது. பொட்டுக் கட்டும் வழக்கத்தினின்று தப்பிய சிறுமியர் மூவர் ஓர் இரவில் அடைக்கலம் கேட்டு வந்தனர். அவர்களைச் சேர்த்துக் கொள்ளுமாறு சென்னை நகர விடுதிகளை அம்மையார் கேட்டார். சாதிக்கொரு விடுதி இருந்த காலம். இச்சிறுமியர்க்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. அவர்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக் கொண்டார். அவ்வாறு தோன்றியதுதான் அவ்வை இல்லம். பின்னர் அடையாற்றில் நிலைபெற்று, சாதி மத வேறுபாடின்றி ஆதரவற்ற பெண் குழந்தைகளைச் சேர்த்து, பள்ளியும் நடத்தி வருகிறது. நம் சங்கத்தின் தொடக்கத்தை அறிந்த மூத்த உறுப்பினர்களுக்கு இது எதனை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டுவதில்லை. வாடகைக்கு வீடு கிடைக்காத மாணவர்களை வைத்துத்தான் கல்விச் சங்கங்கள் பல தோன்றின.

மருத்துவத்தில் அம்மையாரின் பெரும்பணி முதுமையில்தான் கைகூடியது. அவருடைய தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்தார். அருகிருந்து பார்த்தும் காப்பாற்ற இயலாத அக்கொடுமை அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1935-இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். வந்தவர் பிழைப்பதரிது என்று மருத்துவ உலகமே கைவிட்டிருந்த நோய்க்கு எதற்கு மருத்துவமனை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. வீடு வீடாக, ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது அம்மையார்க்கு வயது 67. நம்மில் பலர் ஓய்வூதியம் வாங்கித் திண்ணையில் அமரும் வயதைக் கடந்து பல ஆண்டுகள்!

அம்மருத்துவமனையை வளர்த்தவர் அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. தாயைப் போலவே அறுவை மருத்துவர். 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அவருக்கு வலக்கரமானார். புற்றுநோய் அறுவையில் நாட்டிலேயே முதன்முதலாக உயர் சிறப்புப் பட்டப் படிப்பு 1984-இல் அங்கேதான் தொடங்கிற்று. கிருஷ்ணமூர்த்தி 2010-லும், சாந்தா 2021-லும் மறைந்தனர். நம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தேறி அடையாறு சென்று வந்த குடும்பங்கள் பல. அம்மருத்துவமனையை நிறுவியவர் திருக்கோகர்ணத்துப் பெண் என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22-ஆம் நாள் இயற்கை எய்தினார். ஏழைத் தாய்மார்க்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியது. அவர் பிறந்த ஜூலை 30-ஆம் நாளை 2019 முதல் மருத்துவமனை நாளாகவும் கொண்டாடி வருகிறது.

இளைஞர்களுக்கு இன்னும் ஒரு செய்தி. முத்துலட்சுமி வண்டியேறிப் போன சென்னைக்கு இன்று நம் பிள்ளைகள் போக வேண்டுவதில்லை. புதுக்கோட்டையிலேயே 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று, நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்க்கு, மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-இல் வந்துள்ளது. இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்குச் சென்று திரும்பினாலும் இவ்வுரிமை போய்விடும் என்பதைப் பெற்றோர் பலர் அறியாதிருக்கின்றனர். ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போதே இதனைக் கருத்தில் கொள்ளுமாறும், ஐயமிருப்பின் அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை அணுகுமாறும் சங்க உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.